மாத்திரைக்கு முன்னால் இரண்டு மாதக் கணக்கு



இந்த மாதம் நான் பேசப்போவது சான்றிதழ் பற்றியோ, பட்டா மாறுதல் பற்றியோ இல்லை. அந்தக் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன, அடுத்தடுத்த இதழ்களில் பார்ப்போம். இன்றைக்கு நம்மில் பாதிப் பேருடைய உடம்பு பற்றிய விஷயம். மீதிப் பாதிப் பேரும் படிக்கலாம். உண்மையில் நீங்கள் படித்தால்தான் வீட்டில் பாதிப் பிரச்சினை தீரும்.

சில மாதங்களுக்கு முன்னால் என் ஃபோனில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி விளம்பரம் வந்துகொண்டிருந்தது. பீரியட்ஸ் வருவதற்கு முன்னால் எரிச்சல், அழுகை, வயிறு உப்புசம், மார்பு வலி எல்லாம் இருக்கா? இந்த மிட்டாய் மாதிரி மாத்திரையைச் சாப்பிடுங்க, ஒரே மாதத்தில் சரியாகிவிடும். நானும் வாங்கினேன். 900 ரூபாய்க்கு மேல். முதல் மாதம் நிஜமாகவே நன்றாக இருந்தது. தோழிகளுக்கெல்லாம் லிங்க் அனுப்பினேன். இரண்டாவது மாதம் பழைய கதைதான். மூன்றாவது மாதம் பாட்டில் அலமாரியில் தூங்கியது.

முதல் மாதம் ஏன் நன்றாக இருந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் ஆய்வுகளைப் படிக்க ஆரம்பித்தேன். நான் டாக்டர் இல்லை, இதழியல் படித்தவள். அதனால் படித்ததைத்தான் சொல்கிறேன், மருந்துச் சீட்டு எழுதவில்லை.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்வோம். மாதவிடாய் தொடங்குவதற்கு ஒன்று இரண்டு வாரம் முன்னால் வந்து, ரத்தப்போக்கு தொடங்கிய சில நாட்களில் விலகிவிடுகிற உடல், மனத் தொந்தரவுகளைத்தான் பி.எம்.எஸ். என்கிறார்கள். அந்த நாட்களின் வயிற்றுவலி வேறு, இது வேறு. 1931-இல் ராபர்ட் ஃபிராங்க் என்ற அமெரிக்க மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். பி.எம்.எஸ். என்ற பெயர் 1953-இல் இங்கிலாந்தில் கதரீனா டால்டன், ரேமண்ட் கிரீன் என்ற இரு மருத்துவர்களின் கட்டுரையிலிருந்து பரவியது. இதிலேயே மிகக் கடுமையாக, மனநிலையைப் போட்டு உலுக்குகிற வகை ஒன்று உண்டு. அதற்கு பி.எம்.டி.டி. என்று தனிப்பெயர். நூற்றில் சில பெண்களுக்கு அது வருகிறது.

"இதெல்லாம் மனப்பிரமை, எங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்று சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு ஆய்வைச் சொல்லிவிடுகிறேன். 1998-இல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் பீட்டர் ஷ்மிட் குழுவினர் வெளியிட்டது. பி.எம்.எஸ். உள்ள பெண்களுக்கு ஊசி போட்டு, சினைப்பையின் ஹார்மோன் சுரப்பைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். பலருக்குத் தொந்தரவு குறைந்தது. அப்படிக் குறைந்தவர்களுக்கு ஹார்மோனை வெளியிலிருந்து திரும்பக் கொடுத்தபோது தொந்தரவும் திரும்பி வந்தது. பி.எம்.எஸ். இல்லாத பெண்களுக்கும் அதே ஊசி, அதே ஹார்மோன் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதாவது ஹார்மோன் அளவு கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்பதல்ல விஷயம். ஒரே அளவு ஹார்மோனுக்குச் சிலருடைய மூளை வேறு மாதிரி எதிர்வினை காட்டுகிறது. அதனால்தான் ரத்தத்தில் ஹார்மோன் அளவு பார்த்து "உங்களுக்கு பி.எம்.எஸ். இருக்கு" என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு டெஸ்ட் பேக்கேஜ் யாராவது விற்றால் பணத்தைக் கொடுக்க அவசரப்படாதீர்கள்.

அப்போ எப்படித்தான் கண்டுபிடிக்கிறாங்க? எழுதி வைத்துத்தான். வேறு வழியே கிடையாது. இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரியின் வழிகாட்டுதலும் இரண்டு மாதவிடாய்ச் சுழற்சிக்குத் தினமும் குறிப்பு எழுதச் சொல்கிறது. நல்ல ஆய்வுகள் எல்லாமே இந்தக் குறிப்பில்தான் தொடங்குகின்றன.

"எனக்குத்தான் நல்லா ஞாபகம் இருக்கே" என்று நினைப்பீர்கள். நினைவை நம்ப முடியாது என்பதுதான் இந்தத் துறை கற்றுக்கொண்ட முதல் பாடம். பீரியட்ஸுக்கு முன்னால் போட்ட சண்டை ஞாபகம் இருக்கும். பீரியட்ஸ் முடிந்து பத்தாவது நாள் போட்ட சண்டை மறந்துபோகும். தனக்கு பி.எம்.எஸ். இருப்பதாக உறுதியாகச் சொல்லிவிட்டு ஆய்வுக்கு வருகிற பெண்களில் கணிசமானவர்களுக்கு, தினசரிக் குறிப்பு எழுத வைத்துப் பார்த்தால் அந்த வடிவமே தெரிவதில்லை. தொந்தரவு நிஜம், ஆனால் காரணம் வேறு.

என் அக்கா கதை இதுதான். நாலு வருஷமாக எங்கள் வீட்டில் அவள் சோர்வாக இருந்தாலும் அழுதாலும், "என்ன, அந்த நாள் வரப்போகுதா?" என்று மாமா சிரித்துக்கொண்டே கேட்பார். கிண்டல்தான், கெட்ட எண்ணம் இல்லை. அம்மாவும் "பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கத்தான்டி செய்யும்" என்பாள். அக்காவும் நம்பிவிட்டாள். இந்த உரைக்காக நான் எழுத ஆரம்பித்தபோது அவளையும் எழுதச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், மாதத்தில் தெளிவான வாரம் என்று ஒன்றுகூட இல்லை. முப்பது நாளும் சோர்வு. அந்தக் குறிப்பைப் பார்த்த டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு குறைவு. இப்போது மாத்திரை எடுக்கிறாள். மாமா இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

எப்படி எழுதுவது? ஃபோனில் இருக்கிற சாதாரண நோட்ஸ் போதும். தினமும் தூங்கப்போகுமுன் ஒரே ஒரு வரி. உங்களை அதிகம் படுத்துகிற மூன்று நான்கு விஷயங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எரிச்சல், அழுகை, உப்புசம், தலைவலி, எதுவானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். 1 என்றால் துளியும் இல்லை, 6 என்றால் தாங்க முடியவில்லை. மருத்துவர்கள் பயன்படுத்தும் தினசரிப் பதிவுப் படிவத்திலும் இதே அளவுகோல்தான். கூடவே எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அன்றைய வேலை கெட்டதா என்றும் எழுதுங்கள். ரத்தப்போக்கு தொடங்கிய நாளை மறக்காமல் குறியுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் விட்டுவிடுங்கள், மறுநாள் யோசித்து நிரப்ப வேண்டாம். அது நினைவுக் கணக்காகிவிடும்.

என் நோட்ஸில் ஒரு வரி இப்படி இருக்கும்: "14 – எரிச்சல் 5, உப்புசம் 3, தலைவலி 1, தூக்கம் 5 மணி, எடிட்டரிடம் கத்தினேன்."

இரண்டு மாதம் கழித்துப் பார்க்க வேண்டியது ஒன்றுதான். பீரியட்ஸ் முடிந்த பிறகு குறைந்தது ஒரு வாரமாவது மதிப்பெண்கள் 1, 2 என்று இறங்கியிருக்கிறதா? இறங்கி, மறுபடி கடைசி வாரத்தில் ஏறினால் அது பி.எம்.எஸ். வடிவம். மாதம் முழுக்க 4, 5 என்றே ஓடினால் அது வேறு. ரத்தசோகையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம். ஏற்கெனவே இருக்கிற மனச்சோர்வோ மைக்ரேன் தலைவலியோ பீரியட்ஸுக்கு முன்னால் மட்டும் கூடுவதும் உண்டு.

இதற்கென்றே செயலிகள் இருக்கே என்று கேட்பீர்கள். இருக்கின்றன. ஆனால் உங்கள் மாதவிடாய் விவரம் எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய ஒரு மாதவிடாய்ச் செயலி, பயனர்களின் உடல்நலத் தகவலை வேறு நிறுவனங்களுடன் பகிர்ந்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டி, அந்த வழக்கு 2021-இல் சமரசத்தில் முடிந்தது. நோட்ஸ் அல்லது அடுப்படிச் சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டர். இரண்டும் யாருக்கும் தகவல் அனுப்பாது.

சரி, வடிவம் தெரிந்துவிட்டது, பி.எம்.எஸ்.தான். மருந்து இல்லாமல் என்ன செய்யலாம்?

இங்கேதான் என் 900 ரூபாய்க் கேள்விக்குப் பதில் கிடைத்தது. 1998-இல் அமெரிக்காவில் பல மருத்துவ மையங்களில் சூசன் தைஸ்-ஜேக்கப்ஸ் என்ற மருத்துவர் தலைமையில் ஒரு ஆய்வு நடந்தது. முதலில் தினசரிக் குறிப்பு எழுத வைத்து, உண்மையிலேயே பி.எம்.எஸ். இருப்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கணக்கில் வந்தவர்கள் 466 பெண்கள். ஒரு பாதிக்குத் தினம் 1200 மில்லிகிராம் கால்சியம். மறு பாதிக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவர்களுக்கும் தெரியாது, வாங்கியவர்களுக்கும் தெரியாது. மூன்று மாதவிடாய்ச் சுழற்சி.

மூன்றாவது சுழற்சி முடிவில் கால்சியம் சாப்பிட்டவர்களுக்கு மொத்தத் தொந்தரவு 48 சதவீதம் குறைந்திருந்தது. விளம்பரமாக இருந்தால் இந்த இடத்தோடு நிறுத்தியிருப்பார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு? 30 சதவீதம் குறைந்திருந்தது!

ஒன்றுமே இல்லாத மாத்திரைக்கு 30. அந்தப் பெண்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தொந்தரவே இல்லாமலிருந்தது என்றும் அர்த்தம் இல்லை. பொதுவாக மிக மோசமான மாதத்துக்குப் பிறகுதான் நாம் எதையாவது தேடிப் போவோம். அதற்கடுத்த மாதம் தானாகவே கொஞ்சம் லேசாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒருவர் உட்கார்ந்து நம் கஷ்டத்தைக் கேட்கிறார், நாமும் உடம்பைக் கவனிக்கிறோம், இனி சரியாகும் என்ற நம்பிக்கை வருகிறது. எல்லாம் சேர்ந்துதான் அந்த 30. என் மிட்டாய் மாத்திரையின் முதல் மாதமும் இதுவாகத்தான் இருக்கும். அதற்குத்தான் லிங்க் வேறு அனுப்பியிருந்தேன்!

கால்சியத்தின் சொந்தச் சம்பாத்தியம் என்று பார்த்தால் 48-க்கும் 30-க்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான். சின்னதாகத் தெரிந்தாலும் இந்தத் துறையில் அது மதிப்பான பலன். இன்னொன்றும் கவனியுங்கள். முதல் சுழற்சியில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, இரண்டாவதிலிருந்துதான் தெரிந்தது. "ஒரே மாதத்தில் சரியாகும்" என்கிற வாக்குறுதியை இதோடு பொருத்திப் பாருங்கள்.

உணவிலிருந்தே கால்சியம் எடுத்தால் என்ன? அமெரிக்கச் செவிலியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2005-இல் வெளியான ஒரு ஆய்வில், உணவில் கால்சியமும் வைட்டமின் டி-யும் அதிகம் எடுத்தவர்களுக்கு பி.எம்.எஸ். வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. இது தொடர்பைத்தான் காட்டுகிறது, அதுதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. ஆனாலும் நமக்கு நஷ்டம் இல்லாத யோசனை. நம் நாட்டில் வயது வந்த பெண்ணுக்குத் தினம் 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆர். 2020-இல் பரிந்துரைத்தது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. முருங்கைக்கீரை 100 கிராமிலும் ஏறத்தாழ அதே அளவு. ஒரு டம்ளர் பால் அல்லது தயிரில் 200-க்கு மேல். காலையில் கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றிக் குடிக்கிற வீட்டில் இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதை விட்டுவிட்டு டீயும் பிஸ்கட்டுமாக ஓடுகிற என்னைப் போன்றவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

மாத்திரையாக எடுப்பதென்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், முக்கியமாகச் சிறுநீரகக் கல் வந்தவர்கள். பள்ளி, கல்லூரியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இரும்புச்சத்து மாத்திரை வாங்குகிறவர்கள் அதையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள். கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒன்று காலையில் என்றால் மற்றது இரவில்.

அடுத்தது உடற்பயிற்சி. 2020-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 15 ஆய்வுகளை, 700-க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சி செய்தவர்களுக்கு உடல், மனத் தொந்தரவுகள் குறைந்தன. ஆனால் அதில் பல சின்ன ஆய்வுகள், தரமும் சுமார்தான் என்று எழுதியவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அதோடு, வெற்று மாத்திரை மாதிரி வெற்று நடை என்று ஒன்று கொடுக்க முடியாது இல்லையா? நடக்கிறவருக்குத் தான் நடக்கிறோம் என்று தெரியும். அதனால் இந்தப் பலனில் எவ்வளவு பங்கு அந்த 30-ஐச் சேர்ந்தது என்று பிரிப்பது கஷ்டம். யோகாவுக்கும் இதே நிலைதான். நான் என்ன நினைக்கிறேன் என்றால், நடப்பதற்குக் காசு இல்லை, பக்கவிளைவு இல்லை, இதயத்துக்கும் நல்லது. ஆதாரம் சுமாராக இருந்தாலும் நடந்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த ஒரு வாரம் மட்டும் நடந்தால் போதாது. ஆய்வுகளில் வாரக்கணக்கில் தொடர்ந்து செய்தார்கள்.

மூன்றாவது, பெயரைக் கேட்டதும் பலரும் ஒதுங்குகிற விஷயம்: மனநல ஆலோசனை. சி.பி.டி. என்று ஒரு பேச்சுமுறைச் சிகிச்சை இருக்கிறது. பைத்தியத்துக்கு வைத்தியம் இல்லை அது. ஒரு சம்பவம் நடந்ததும் மனசில் சட்டென்று ஓடுகிற எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, இது நிஜம்தானா என்று கேட்கப் பழக்குவது. உதாரணத்துக்கு, கணவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஃபோனை எடுக்கிறார். மற்ற நாட்களில் "சரியான ஆளு" என்று விட்டுவிடுவோம். அந்த நாட்களில் "இவருக்கு நான் ஒரு பொருட்டே இல்லை" என்று தோன்றும், பத்து நிமிடத்தில் கல்யாணம் வரைக்கும் போய்விடும். அந்தத் தாவலைக் கவனிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் இதன் வேலை.

லண்டனில் நடந்து 2002-இல் வெளியான ஒரு ஆய்வில், கடும் வகையான பி.எம்.டி.டி. உள்ள பெண்களுக்கு இந்தப் பேச்சுமுறைச் சிகிச்சையையும் ஃப்ளூவாக்ஸடின் என்ற மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். ஆறு மாத முடிவில் இரண்டும் ஏறத்தாழச் சமம். மாத்திரை சீக்கிரம் வேலை செய்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பேச்சுமுறைச் சிகிச்சை பெற்றவர்களிடம் பலன் கூடுதலாக நிலைத்திருந்தது. 2019-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஆய்வு இன்னும் நமக்கு நெருக்கம். 174 பெண்களுக்கு இதையே எட்டு வாரம் இணையவழியில் கொடுத்தார்கள், நல்ல பலன். ஒப்பிட்டது காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களோடு என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும்.

இங்கேயும் உங்கள் குறிப்பு உதவும். எந்த நான்கு நாள் மோசம் என்று முன்கூட்டியே தெரிந்தால், மாமியாரோடு சொத்துப் பேச்சு, மேலதிகாரியிடம் விடுப்புச் சண்டை, குழந்தைக்கு ஆதார் திருத்தம் போன்றவற்றை வேறு நாளுக்குத் தள்ளலாம். எல்லாருக்கும் அந்த வசதி இருக்காது. கூலி வேலைக்குப் போகிறவர் நாள் பார்த்துப் போக முடியுமா? தெரியும். முடிந்ததைத் தள்ளலாம் என்கிறேன்.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடுவோம். வைட்டமின் பி6: 1999-இல் 9 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பலன் இருக்கலாம் என்று தெரிந்தது. ஆய்வுகளின் தரம் குறைவு. அளவு மீறி நாள்கணக்கில் எடுத்தால் நரம்பு பாதித்துக் கை கால் மரத்துப்போகும், அதனால் "வைட்டமின்தானே" என்று அள்ளிப் போடாதீர்கள். அக்குபஞ்சர்: 2018-இல் காக்ரேன் தொகுப்புக்குக் கிடைத்ததே 5 ஆய்வுகள், 277 பெண்கள்தான். உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய்: விலை அதிகம், நல்ல ஆய்வுகளில் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. காபி: நிறுத்தச் சொல்லாத வெப்சைட் கிடையாது. ஆனால் அதே அமெரிக்கச் செவிலியர்களிடம் பார்த்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில் காபிக்கும் பி.எம்.எஸ்.ஸுக்கும் தொடர்பு தெரியவில்லை. தூக்கம் கெட்டால் மாலைக் காபியைக் குறையுங்கள், மற்றபடி டிகிரி காபி மேல் பழி போட வேண்டாம்.

சேஸ்ட்பெர்ரி என்றொரு மூலிகைச் சாறு இருக்கிறது. ஜெர்மனியில் 170 பெண்களிடம் செய்து 2001-இல் வெளியான ஆய்வில் பலன் தெரிந்தது. அது நம் ஊர் நொச்சிக்குச் சொந்தக்காரச் செடி. உடனே வேலியோரம் இருக்கிற நொச்சி இலையைப் பறித்து அரைக்கக் கிளம்ப வேண்டாம். ஒரே குடும்பம், வேறு இனம். ஆய்வு செய்தது அதன் பழச் சாற்றை, நம் நொச்சி இலையை இல்லை. மூலிகை என்றாலும் அது மருந்துதான். கர்ப்பமாக இருப்பவர்கள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் தொடவே கூடாது.

மருந்து வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடிப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மூன்று மாதம் இவற்றை முயன்றும் வேலையோ உறவோ கெடுகிறது என்றால் டாக்டரிடம் போங்கள். நிரூபிக்கப்பட்ட மருந்துகள் இருக்கின்றன, வாங்கிச் சாப்பிடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. போகும்போது அந்த இரண்டு மாதக் குறிப்பை ஃபோனில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டமான புறநோயாளிப் பிரிவில் டாக்டர் உங்களுக்கு ஒதுக்குகிற சில நிமிடங்களில், "எப்பவும் ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்" என்று சொல்வதற்கும், "ரத்தப்போக்குக்கு ஆறு நாள் முன்னால் எரிச்சல் 5-க்கு ஏறி, இரண்டாம் நாள் 1-க்கு இறங்குது" என்று காட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. மாதம் முழுக்கச் சோர்வு என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனை கேளுங்கள். நேரில் போக முடியாவிட்டால் இ-சஞ்சீவனி செயலியில் வீடியோ வழியாக இலவசமாக டாக்டரிடம் பேசலாம். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 104-ஐ அழைத்துக் கேளுங்கள்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் இரண்டு மாதம் காத்திருக்காதீர்கள். அந்த நாட்களில் "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற எண்ணம் வருகிறது, உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுகிறது என்றால், பீரியட்ஸ் வந்ததும் அது போய்விடும் என்றாலும்கூட, அன்றைக்கே 14416-ஐ அழையுங்கள். அது டெலி மானஸ், மத்திய அரசின் இலவச மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், பெயர் சொல்லாமலும் பேசலாம். உங்கள் வீட்டில் ஒருத்தி மாதாமாதம் இப்படிப் பேசினால், "அந்த நாள்தானே" என்று சிரிக்காமல் நீங்களே அந்த எண்ணைப் போட்டு அவள் கையில் கொடுங்கள்.

நோட்ஸைத் திறந்து இன்றைய தேதியைப் போடுங்கள். இன்று உங்களுக்கு எத்தனையாவது நாள் என்று தெரியாவிட்டால் பரவாயில்லை, அடுத்த பீரியட்ஸ் வரும்போது தெரிந்துவிடும்.